பதினான்காம் வரிசை

மான்கள் ஏன் வெள்ளைப் புள்ளி வைத்த கன்றுகளை மட்டும் தேடித் தேடித் தின்கின்றன என்பது ஈரக்கைக்குப் புரியவே இல்லை.

சரிவில் நட்டு எட்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆயிரத்து இருநூறு கன்றுகள். ஓக், பிர்ச், காட்டுச் செர்ரி என்று கலந்து நட்டவை. ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் அவள் தன் கையால் வைத்த ஒரு வெள்ளைப் புள்ளி. பண்ணையிலிருந்து போன கன்று எது, தானாக முளைத்தது எது என்று பிற்பாடு குழப்பம் வரக்கூடாதே என்று வைப்பது. இப்போது பார்த்தால், புள்ளி வைத்தவை பெரும்பாலும் முட்டி உயரத்தில் மொட்டையாக நின்றன. நுனி போயிருந்தது, பக்கத் தளிர்கள் போயிருந்தன. அவற்றுக்கு ஒரு கை தள்ளி, ஓடைக்கரையின் கிழட்டு ஓக் மரங்களிலிருந்து ஏதோ பறவை கொண்டுவந்து புதைத்து மறந்துபோன விதைகள் தாமாக முளைத்திருந்தன. அதே ஓக், அதே உயரம், அதே மண். அவற்றில் ஓர் இலைகூடக் கடிபடவில்லை. பந்தியில் பெயர் பார்த்துப் பரிமாறியதுபோல் இருந்தது.

ஈரக்கை என்பது அவளுடைய பெயரல்ல. இருபது வருடமாக நாற்றுப்பண்ணையில் தண்ணீரும் மண்ணுமாகவே புழங்கி, கை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பட்டம். ஊதியப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் ஈரக்கை அக்காதான்.

அந்தச் சரிவு முன்பு பைன் தோப்பாக இருந்தது. ஒரே வயது, ஒரே இனம், ஒரே இடைவெளி. தூரத்திலிருந்து பார்த்தால் வாரிவிட்ட தலைபோல அழகாக இருக்கும். உள்ளே போனால் காலடியில் ஊசி இலை மெத்தை மட்டும். செடி இல்லை, பூ இல்லை, அதனால் பூச்சி இல்லை, அதனால் பறவைச் சத்தமும் இல்லை. ஒரு வறண்ட கோடையில் பட்டை துளைக்கும் வண்டு வந்தது. ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவைத்தால், ஒரு சாவி கிடைத்த திருடன் என்ன செய்வான்? வண்டும் அதைத்தான் செய்தது. ஒரு மரத்தின் பட்டையைத் துளைக்கக் கற்றுக்கொண்டது, மலை முழுவதற்கும் கற்றுக்கொண்ட மாதிரி ஆயிற்று. இரண்டு கோடையில் சரிவு முழுக்கச் சிவந்து, பிறகு சாம்பலாகி, பிறகு வெட்டப்பட்டது.

மறுபடியும் பைன் மட்டும்தான் நடுவது என்று முடிவாகியிருந்த நேரத்தில் ஈரக்கைதான் மேலாளரிடம் போய் நின்றாள். பூட்டுக் கதையைச் சொன்னாள். பைன் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நடுநடுவே நாலு வகை இலை மரம் இருந்தால் ஒன்றுக்கு வந்த சீக்கு இன்னொன்றின் வாசலில் நின்றுவிடும் என்றாள். இலை உதிர்ந்து மண் ஆகும், பழத்துக்குப் பறவை வரும், அந்தப் பறவையே வண்டையும் கொத்தும் என்றாள். மேலாளர் மோசமான மனிதரல்ல. மூன்று நடவு தருகிறேன் என்றார். மூன்றில் ஏதாவது ஒரு நடவில் பாதிக் கன்றாவது பிழைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சரிவு பைனுக்கே திரும்பும், பண்ணையில் இலை மரப் பாத்திகளையும் கலைத்துவிட வேண்டியதுதான்.

முதல் நடவில் தொண்ணூற்றேழு பிழைத்தன. இரண்டாவது இப்போது மொட்டையாக நிற்பது. மூன்றாவதற்கான கன்றுகள் பாத்தியில் நின்றன. பதினைந்து வாரத்தில் புறப்பட வேண்டும்.

நடவுக் குழுவின் மேஸ்திரி அவளுக்குச் சம்பந்தி. அவள் மகளை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்து நாலு வருடம் ஆகிறது. இவள் வளர்ப்பாள், அவர் நடுவார். வேலை என்ற அளவில் அது எளிது. சம்பந்திகள் என்ற அளவில் எதையும் நேராகச் சொல்ல முடியாது. கன்று கோணலாக இருந்தால்கூட அவர், "கொஞ்சம் நளினமா வளர்ந்திருக்கு சம்பந்தியம்மா" என்பார். அவர் குழி ஆழமில்லாமல் தோண்டியிருந்தால் அவள், "மண்ணு கெட்டி போல இருக்கு சம்பந்தி" என்பாள். கேலிக்கு மட்டும் அளவில்லை.

"உங்க கைப்பக்குவம் அப்படி," என்றார் மேஸ்திரி, மொட்டைக் கன்று ஒன்றைக் குனிந்து பார்த்து. "மானுக்கே ருசி கண்டுபோச்சு."

"நீங்க நட்ட லட்சணம், வரிசையா இலை போட்டு வெச்ச மாதிரி இருக்கு. அதான் உக்காந்து சாப்பிடுது."

முதலில் அவள் வண்ணத்தைச் சந்தேகப்பட்டாள். வண்ணத்தில் ஏதோ வாசனை இருக்கலாம், மானுக்கு அது பிடித்திருக்கலாம். மிச்சமிருந்தவற்றில் இருபது கன்றுகளின் புள்ளியைச் சுரண்டி எடுத்தாள். ஒரே வாரத்தில் பதினெட்டு போயின. அடுத்து சோப்புக் கட்டித் தொங்கவிட்டாள். சோப்பு இருந்தது, தளிர் இல்லை. முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு பை முடி வாங்கி வந்து தூவினாள். மனித வாசனைக்கு மான் மிரளும் என்று யாரோ சொன்னார்கள். குழுவில் ஒருவன் அந்த வாரம் முழுக்கத் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, தன்னால் உதவ முடியவில்லையே என்று வருத்தம் தெரிவித்தான். வேலி போடலாமே என்றால், அந்தப் பாறைச் சரிவில் கம்பம் நிற்காது. நின்றாலும் சுற்றளவு மூன்று மைல்.

இத்தனைக்கும் நடுவில் அவள் சரிவின் மேல்பகுதிக்குப் போகவே இல்லை. பத்தாம் வரிசைக்கு மேல் எண்ணுவதை மேஸ்திரி தானே ஏற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஏற்றம் அதிகம், உங்கள் முட்டிக்கு ஆகாது என்று மிகவும் அக்கறையாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் அவர் வேறு வேலையாகப் போயிருந்தபோது, முட்டி வலித்தாலும் பரவாயில்லை என்று அவளே ஏறினாள். பதினொன்று மொட்டை. பன்னிரண்டு மொட்டை. பதின்மூன்றில் மூன்று கன்று தப்பியிருந்தது. பதினான்காவது வரிசையில் கால் நின்றுவிட்டது.

நாற்பது கன்று. முழுதாக நாற்பது. சற்றுக் குள்ளம், நிறம் கொஞ்சம் வெளிறல், ஆனால் நுனி முதல் அடி வரை இலையோடு நின்றன. குனிந்து தண்டைப் பார்த்தாள். புள்ளி இல்லை. அடுத்ததிலும் இல்லை. சரிதான், தானாக முளைத்தவை, அதனால் தப்பித்தன என்று நிமிர்ந்தவள் மறுபடி குனிந்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேர்கோடு. கன்றுக்குக் கன்று இரண்டு கை இடைவெளி. தானாக முளைப்பது கயிறு பிடித்துக்கொண்டா முளைக்கும்?

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார். இயற்கையில் எத்தனையோ அதிசயம் இருக்கிறது என்றார். பிறகு மண்வெட்டிக்குப் பிடி போட வேண்டும் என்று நினைவு வந்ததுபோல் போய்விட்டார். அவர் கையில் இருந்த மண்வெட்டிக்குப் பிடி நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் வீட்டில் சாப்பாடு. மகள் வீடு என்றால் மேஸ்திரி வீடு. சமையலறையிலேயே மேசை, நாலு நாற்காலி, ஐந்தாவது ஆளுக்கு ஸ்டூல். மருமகன் வெளியூர் போயிருந்தான். மேஸ்திரி தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நழுவப் பார்த்தார். மகள் கரண்டியோடு வாசற்படியை மறித்தாள்.

"மாமா, இன்னிக்குச் சொல்லிடுங்க. மூணு மாசமா எங்க அம்மா வந்தாலே நீங்க கொல்லைக்குப் போயிடறீங்க. கோவிச்சுக்கிட்டீங்களோன்னு அம்மா என்கிட்ட ரெண்டு தடவை கேட்டாச்சு."

மேஸ்திரி உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கன்றுகளை ஏற்றிக்கொண்டு போன டிராக்டர் ஓடைத் திருப்பத்தில் சாய்ந்தது. முப்பது பெட்டியில் ஒரு பெட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. பெட்டிக்கு நாற்பது கன்று, அதாவது ஒரு வரிசை. அந்த ஞாயிறு இவள் இதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் போய், அவள் கழித்துப்போட்ட குவியலிலிருந்து உயிரோடு இருந்த நாற்பதைப் பொறுக்கி, பழைய பெட்டி ஒன்றில் அடுக்கிக்கொண்டுபோய் நட்டுவிட்டார்.

"பொண்ணு குடுத்த வீட்டுல இருந்து வந்ததை ஆத்துல விட்டுட்டேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்றது?" என்றார். "தப்புதான் சம்பந்தியம்மா. உங்க குப்பையை நட்டு உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

ஈரக்கை சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். கை தட்டில் அப்படியே நின்றிருந்தது. கோபம் என்று மகள் நினைத்தாள். ஆனால் அவள் உள்ளுக்குள் பண்ணையில் நடந்துகொண்டிருந்தாள், பாத்தி பாத்தியாக.

விதை ஒன்றுதான். மண் ஒன்றுதான். தண்ணீர் ஒன்றுதான். தேறிய கன்று, கழித்த கன்று என்று பிரிக்கிற நாள்வரை எல்லாமே ஒன்றுதான். பிரித்த பிறகு தேறியவற்றுக்கு மட்டும் கிடைப்பது என்ன? புள்ளி. அது இல்லை, சுரண்டிப் பார்த்தாயிற்று. பெட்டிப் பயணம். அதுவும் இல்லை, இந்த நாற்பதும் பெட்டியில்தான் போயிருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அவளே ஆரம்பித்துவைத்தது, வேறு எந்தப் பண்ணையிலும் இல்லாதது. வழியனுப்பு உரம் என்று பெயர். புறப்படுவதற்கு முந்தைய எட்டு வாரமும், வாரம் ஒரு முறை, தண்ணீரில் கரைத்த தழைச்சத்து. மலையில் போய்த் தனியாக நிற்கப்போகிற பிள்ளைகள், வயிறு நிறையப் போகட்டும் என்று.

"கை கழுவிட்டு வாங்க சம்பந்தி," என்றாள். "சரிவுக்குப் போகணும்."

"சாப்பாடு?" என்றாள் மகள்.

"வந்து சாப்பிடுறோம்."

பதினான்காம் வரிசையில் ஓர் ஓக் இலையைப் பறித்தாள். பதின்மூன்றில் தப்பி நின்ற மூன்றில் ஒன்றிலிருந்து இன்னோர் இலை. புள்ளி வைத்ததை முதலில் வாயில் போட்டு மென்றாள். மெத்தென்று இருந்தது, பச்சைத்தண்ணீர்போல் லேசான சுவை. அடுத்து புள்ளி இல்லாதது. பல்லுக்குள் நார் நாராகச் சிக்கியது, நாக்கைப் பிடித்து உள்ளுக்கு இழுக்கிற மாதிரி துவர்த்தது. துப்பினாள். மேஸ்திரியிடம் இரண்டையும் நீட்டினாள். அவர் மரியாதைக்காக மென்றார். இரண்டாவதில் முகம் கோணியது.

"நாலு வருஷத்துல நீங்க பரிமாறினதுல இது ஒண்ணுதான் சம்பந்தியம்மா நல்லா இல்ல."

"அதேதான் மானும் சொல்லுது," என்றாள் அவள்.

நடந்தது இவ்வளவுதான். தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கிற கன்று இலையை வேகமாகச் செய்கிறது. போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம் என்பதுபோல் மெல்லியதாக, சத்தானதாக, காவலில்லாமல் செய்கிறது. பற்றாக்குறையில் வளர்கிற கன்றுக்கு ஒவ்வோர் இலையும் அருமை. அதனால் ஒவ்வொன்றிலும் துவர்ப்பை ஏற்றிவைக்கிறது. நாரைக் கூட்டுகிறது. இலைக்குப் போடாததை வேருக்குப் போடுகிறது, எங்கேயாவது ஏதாவது கிடைக்குமா என்று தேட. மானுக்குப் புள்ளி தெரியாது. நாக்கு தெரியும். ஒரு மலைச்சரிவில் ஆயிரத்து நூற்று அறுபது இடத்தில் விருந்து வைத்துவிட்டு, விருந்தாளி வந்தார் என்று இவள் வருத்தப்பட்டிருக்கிறாள்.

இருந்தாலும் ஒரு வரிசையை நம்பி மூன்றாம் நடவைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. நாற்பது தொட்டிகளில் ஒரே மாதிரி ஓக் கன்றுகளை எடுத்தாள். இருபதுக்கு இரண்டு வாரம் உரத்தண்ணீர், இருபதுக்கு வெறும் தண்ணீர். காட்டோரத்தில் மாற்றி மாற்றி வைத்தாள், எது எது என்று சீட்டில் மட்டும் குறித்துக்கொண்டாள். நாலாம் நாள் காலையில் மேஸ்திரி சீட்டைப் படிக்க, அவள் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனாள். உரம் குடித்த இருபதில் பதினேழு மொட்டை. வெறும் தண்ணீர் குடித்ததில் இரண்டில் மட்டும் ஓர் இலை பாதி கடிபட்டிருந்தது. கடித்த துண்டு பக்கத்திலேயே கிடந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. செய்வதுதான் கடினமாக இருந்தது. பிரித்துப் புள்ளி வைத்தாயிற்று, எட்டு வாரம் இருக்கிறது, பழக்கப்படி பூவாளியில் உரத்தைக் கரைத்துக்கொண்டு பாத்தி ஓரம் போய் நின்றாள். மூன்றாம் நடவு. நான்காவது கிடையாது. பட்டினி போட்டு அனுப்பி, மானுக்குத் தப்பி, சத்தில்லாமலேயே செத்துப்போனால்? மேலாளரும் அதையேதான் கேட்டிருந்தார். மேஸ்திரி வேலிக்கு அந்தப்பக்கம் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவள் பூவாளியோடு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

அவள் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மகளை அனுப்பிவைத்த அன்று வீட்டில் ஒரே அமளி. எல்லோருக்கும் பரிமாறினார்கள், பெண் சாப்பிட்டாளா என்று யாருமே பார்க்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகுதான் அவள் தட்டு கையே வைக்காமல் மூடிக் கிடந்ததை இவள் பார்த்தாள். பசியோடு அனுப்பிவிட்டோமே என்ற அந்த உறுத்தல்தான் அடுத்த வருடம் வழியனுப்பு உரம் ஆனது.

மேஸ்திரி வேலியோரம் வந்து நின்றார். பிறகு சொன்னார்:

"பசியோடதான் வந்தா. அதுவும் எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ள வந்ததும் யாரையும் எதுவும் கேக்கல. நேரா சமையலறைக்குப் போனா. எந்தப் பாத்திரத்துல என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா தொறந்து பார்த்து, தானே போட்டுக்கிட்டுச் சாப்பிட்டா. என் பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா, இவ இனிமே விருந்தாளி இல்ல, இந்த வீட்டுக்காரின்னு. வயிறு நெறைஞ்சு வந்திருந்தா கூடத்துல உக்காந்திருப்பா, சம்பந்தியம்மா. பசிதான் அவளை உள்ள கூட்டிட்டுப் போச்சு."

ஈரக்கை பூவாளியைக் கொட்டகை ஓரத்தில் இருந்த பைன் நாற்றுகளுக்கு ஊற்றினாள். அவற்றுக்கு இப்போது கெடுதல் இல்லை, அவை அடுத்த வருடம்தான் புறப்படும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஈரக்கையாலேயே, அதனால் எது எந்த ஈரம் என்று தெரியவில்லை.

நடவு முடிந்தது. குளிர் வந்து போனது. குளிர் விலகி இரண்டு மாதம் கழித்து மேலாளர் எண்ண வந்தார். மேல்பகுதியை நானே எண்ணுகிறேன் என்று மேஸ்திரி ஆரம்பித்தபோது ஈரக்கை பார்த்த பார்வையில் அவர் பின்வாங்கினார். மூவரும் சேர்ந்தே ஏறினார்கள். கன்றுகள் சின்னவைதான், முந்தைய நடவுகளைவிட ஒரு சாண் குறைவு. மேலாளர் அதைச் சொல்லிவிட்டு ஒன்றை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். "வேர் ஆழமா போயிருக்கு," என்றார் மேஸ்திரி, தானே போட்டதுபோல. அறுநூறு வேண்டியிருந்த இடத்தில் தொள்ளாயிரத்துப் பதினாலு நின்றன. மேலாளர் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, பாத்திகள் இருக்கட்டும், கிழக்குச் சரிவுக்கும் கன்று வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பதினான்காம் வரிசையில் இருவரும் சற்று உட்கார்ந்தார்கள். அந்த நாற்பதும் இப்போது இடுப்பு உயரம். ஒன்றின் கிளையில், சிறகில் நீலக்கோடு போட்ட பறவை ஒன்று உட்கார்ந்து எதையோ அதட்டிக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட பைன் அடிக்கட்டையில் இன்னொரு சின்னப் பறவை பட்டையைக் கொத்திக்கொண்டிருந்தது. இந்தச் சரிவில் பறவை சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. ஆற்றில் போன பெட்டிக்கு, அதைச் சொல்லக் கூசிய மனிதருக்கு, அவரைச் சொல்லவைத்த மகளுக்கு, சொல்லப்போனால் கடித்துக் கடித்து விடையைக் காட்டிக்கொண்டே இருந்த மானுக்கும்கூட அவள் நன்றிக்கடன் பட்டிருந்தாள். எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒன்றை மட்டும் சொன்னாள்.

"பொட்டிய ஆத்துல விட்டதுக்கு ரொம்ப நன்றி சம்பந்தி."

"எப்ப வேணும்னாலும் சொல்லுங்க," என்றார் அவர். "டிராக்டர் ரெடியா இருக்கு."

அன்று மாலை கொட்டகைச் சுவரில் இருந்த பலகையில் வழியனுப்பு உரம் என்று எழுதியிருந்த வரியை ஈரக்கை நனைந்த கையாலேயே அழித்தாள். அந்த இடம் காயும்வரை காத்திருந்து, சாக்கட்டியால் எழுதினாள்:

இலை மரக் கன்றுகளுக்குப் புறப்பட எட்டு வாரம் இருக்கும்போதே உரத்தை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும். நடுவதற்கு முன் ஓர் இலையை மென்று பார்க்கவும், துவர்த்தால் அனுப்பலாம்.